சபை வளாகத்தில் காலை நடை: 1 தீமோத்தேயு 4:8 அதற்குத் தடையா?

பொருநைக்கரை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை திருநெல்வேலிப் பக்கம். வாலிபர் ஐக்கியத்தாரும் ஸ்திரீகள் ஐக்கியத்தில் சிலரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னோம். வார நாட்களில் விடியற்காலை ஆலய வளாகத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பது, கொஞ்சம் கை கால் பயிற்சி, கடைசியில் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டுக் கலைவது. ஆலயத்துக்குச் செலவு எதுவும் கிடையாது. வாசல் கேட்டைக் கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிட்டால் போதும்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது மூப்பர் ஒருவர் வேதாகமத்தைத் திறந்து, "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது, தேவபக்தியானது எல்லாவற்றிலும் பிரயோஜனமுள்ளது" என்று வாசித்தார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அவர் நல்ல மனுஷர், ஜெபிக்கிறவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கடந்த சில வருடங்களில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் சுமந்துபோன ஆண்களில் ஐம்பதைத் தொடாதவர்களும் இருந்தார்கள். மாரடைப்பு. சர்க்கரை முற்றி காலை எடுக்கவேண்டி வந்த அக்காமாரும் உண்டு. ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லுகிறோம். சொல்லவேண்டிய வசனம்தான். அதற்கு முன்னால் நாம் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லையா? அந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பனங்காட்டார்

தம்பி, உங்கள் மூப்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் தகப்பனார் பனையேறி. காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கிய மனுஷர். அவருக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. ஆலயத்துக்கு வந்தது ஆத்துமாவுக்காக. இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேச உலகத்தில் ஆயிரம் இடம் இருக்கிறது. டிவியைத் திறந்தால் அதுதான், போனைத் திறந்தால் அதுதான். ஆத்துமாவைப் பற்றிப் பேச மிச்சம் இருப்பது ஆலயம் ஒன்றுதான். அங்கேயும் எடை, இடுப்பளவு என்று ஆரம்பித்தால் எங்கே போவோம்?

இன்னொன்று. எங்கள் ஊர் வாலிபர்கள் இப்போது மாரத்தான் ஓடப் போகிறார்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வைக்கிறார்கள். ஆராதனையை விட்டுவிட்டுப் பனியனோடு போட்டோ போடுகிறான், பதக்கம் கழுத்தில். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று சாமுவேலுக்குச் சொன்ன வசனம் அவர்களுக்குத் தெரியாதா? இந்தப் பயம்தான் உங்கள் மூப்பருக்கும் இருந்திருக்கும்.

பி.டி.மாஸ்டர்

பனங்காட்டார் ஐயா, ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதில் ஓடவில்லை. 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். அடுத்த வருடமே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார், 1945-ல் அங்கே ஒரு தடுப்பு முகாமில்தான் இறந்தார். ஓட்டத்தையும் நேசித்து, ஓய்வுநாளையும் காத்தவர் அவர். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கமுடியும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

வசனத்துக்கு வருகிறேன். அதே நாலாம் அதிகாரத்தை மூன்றாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். விவாகம் பண்ணக்கூடாது, தேவன் படைத்த போஜனபதார்த்தங்களை விலக்கவேண்டும் என்று சொன்ன கள்ளப்போதகர்களைப் பற்றித்தான் பவுல் பேசிக்கொண்டு வருகிறார். தேவன் உண்டாக்கினது எல்லாம் நல்லது என்கிறார். சரீரத்தைக் கேவலமாக நினைத்த ஆட்களுக்கு எதிராக எழுதின பகுதி அது. அதன் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து சரீரத்தைக் கவனிக்கவேண்டாம் என்று சொன்னால், பவுல் யாரை எதிர்த்தாரோ அவர்கள் பக்கத்திலேயே போய் நிற்கிறோம். தேவபக்தி பெரியது, சரீர முயற்சி அதைவிடச் சிறியது. சரி, ஒத்துக்கொள்கிறேன். சிறியது வேண்டாதது ஆகிவிடாதே!

பவுலுக்கு விளையாட்டு தெரியும். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெரிய பந்தயங்கள் நடக்கும். அந்த ஊராருக்கு எழுதும்போதுதான் "பந்தயத்திற்குப் போராடுகிற யாவரும் எல்லாவற்றிலேயும் இச்சையடக்கமாயிருப்பார்கள்" என்கிறார். பயிற்சியைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஐயா மன்னிக்கவேண்டும், கொஞ்சம் நீளமாகிறது. ஆனால் என் துறை என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கோயில் பண்டிகை என்றால் வாலிபால் போட்டி இல்லாமல் இருக்காது. அந்த வாலிபால் எங்கிருந்து வந்தது? 1895-ல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில் (கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில்) வில்லியம் மார்கன் உண்டாக்கினது. கூடைப்பந்தும் அப்படித்தான். 1891-ல், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உண்டாக்கினது. அவர் இறையியல் படித்தவர். வாலிபர்களைக் கர்த்தரிடம் கொண்டுவரப் பிரசங்கமேடை தவிர வேறு இடமும் உண்டு என்று நம்பித்தான் விளையாட்டுப் பக்கம் போனார். ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் இருக்கிற முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஆவி, மனம், சரீரம். 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கின உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருப்பதில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. சபைக்கும் மைதானத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுகிறவர்கள் நம்முடைய சொந்தச் சரித்திரத்தையே மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இரவுப்பணி

நான் ஸ்டாஃப் நர்ஸ். பி.டி. மாஸ்டர் சொன்னதோடு மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு. உங்கள் ஆலயத்தில் ஒரு பெஞ்சில் ஏழு பேர் உட்காருவார்கள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பனங்காட்டார் ஐயாவின் தகப்பனார் காலத்து உழைப்பு இன்று பெரும்பாலானவர்களுக்கு இல்லை, ஆனால் சோறு மட்டும் அதே அளவு தட்டில் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம் சுமாரான வேகத்தில் நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் முதல் பாதி முடிந்தது. இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு அதுதான் அதிகம் தேவை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்தாலே தொடைக்கு வேலை.

இனிமேல் சொல்லப்போவது இந்த இழைக்காகவே சொல்லவேண்டும் என்று நினைத்தது: செருப்பு. நாம் ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். சர்க்கரை பல வருடமாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மத்தியானத் தரை சுட்டாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. புண் வந்து, சீழ் பிடித்து, வாடை வந்தபிறகுதான் வார்டுக்கு வருகிறார்கள். விரல் போகும், அப்புறம் கால் போகும்.

இதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் மண்ணில் பிறந்த ஒருவருக்குப் பெரிய பங்கு. டாக்டர் பால் பிராண்ட், மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கை கால் தானாக அழுகி விழுகிறது என்று எல்லாரும் நினைத்த காலம் அது. வலி தெரியாததால் அவர்கள் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நேராக்கினார், பாதத்துக்கு ஏற்ற செருப்பு செய்ய ஏற்பாடு செய்தார். வலி தேவனுடைய ஈவு என்று சொன்னவர் அவர். இன்றைக்கு நாங்கள் சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்கிற முறையே அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே நடை தொடங்கினால் முதல் விதி, செருப்போ ஷூவோ இல்லாமல் யாரும் நடக்கக்கூடாது. ஆலயத்துக்குள்ளும் பாதம் மரத்தவர்கள் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ள போதகர் ஐயர் பலிபீடத்திலிருந்தே அனுமதி சொல்லட்டும். அவர் சொன்னால்தான் நம் அம்மாமார் கேட்பார்கள்.

விதை_நெல்

நடையோடு யோகாசனம் சேர்க்கலாமா?

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே வேண்டாம்.

சாராளின்_மகள்

எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள். ஆனாலும் வாசிக்க வாசிக்க எனக்கு உள்ளே ஒரு கலக்கம்.

எனக்கு முடக்குவாதம். வாலிப வயதிலேயே வந்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வலி தாங்காத காலங்களில் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டில் முகம் உப்பி உடம்பு பெருத்தது. ஜெபக்கூட்டத்தில் வந்து கைவைத்து ஜெபித்த ஒருவர், சுகம் கிடைக்காதபோது, "உனக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரையை நிறுத்து, அதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்றும் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இந்தக் கையால் இதைத் தட்டச்சு செய்யமுடியாது.

இப்போது புதிதாக ஒன்று வருகிறது. "உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம், அதைப் பேணவில்லையென்றால் பாவம்" என்கிறார்கள். முன்பு விசுவாசம் இல்லாததால் வியாதி என்றார்கள், இனி ஒழுக்கம் இல்லாததால் வியாதி என்பார்கள். படுக்கையில் கிடக்கிறவளுக்கு இரண்டும் ஒரே கல்தான். 1 கொரிந்தியர் 6-ல் அந்த வசனம் வேசித்தனத்துக்கு விலகி ஓடும்படி சொல்லுகிற இடத்தில் வருகிறது. அதை விரித்து உடம்பைக் கவனிக்கச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் மெலிந்தவன் ஆலயம் சுத்தமானது, பருத்தவள் ஆலயம் பாழானது என்று அளக்கிற கோலாக அதைப் பிடிக்காதீர்கள்.

பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம். அதே தீமோத்தேயுவுக்குத்தான், அடுத்த அதிகாரத்திலேயே, உன் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதுகிறார். மருந்தாகச் சொல்லுகிறார். நீ ஏன் இன்னும் விசுவாசிக்கவில்லை என்று பவுல் அவனைக் கேட்கவில்லை.

நானும் பயிற்சி செய்கிறேன். பிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்தபடி வெந்நீரில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவேன். அது என் காலை ஜெபத்தோடு சேர்ந்தே நடக்கிறது. நீங்கள் குழு தொடங்குங்கள், நானும் வருகிறேன். மரத்தடியில் நாலு நாற்காலி போடுங்கள். எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். நடக்கமுடியாத ஒருத்தி உட்கார்ந்தபடி கையை அசைத்தால் அதையும் கணக்கில் சேருங்கள். திருவிருந்துக்கு முழங்காற்படியிட முடியாதவர்களுக்குக் குருவானவர் இருக்கைக்கே வந்து கொடுக்கிறார் அல்லவா, அந்த மனசு மைதானத்திலும் வேண்டும்.

பொருநைக்கரை

அக்கா, நாற்காலி கண்டிப்பாகப் போடுகிறோம். எடை மெஷின் என் பட்டியலில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

மானிப்பாயிலிருந்து

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கட பக்கத்துச் சபைகளில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும், ஏனென்றால் எங்கட சபையும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகவே வளர்ந்தவை. அமெரிக்க மிஷனில் வந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்தார். வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. 1847-ல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம் என்று தமிழில் நூல்கள் வந்தன. அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றுவித்தார்.

நான் இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒருவன் தன் தாய்மொழியில் அறிந்துகொள்வதும் சுவிசேஷ வேலையில் சேர்ந்தது என்று கிறீன் நம்பினார். உங்கட நடைக் குழுவில் மாதம் ஒரு தடவை ஒரு வைத்தியரையோ தாதியையோ கூப்பிட்டு, இரத்த அழுத்தம் என்றால் என்ன, சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்று தமிழில் கதைக்கச் சொல்லுங்கோ. நடையைவிட அது கனபேருக்கு உதவும் என்பது என் அபிப்பிராயம்.

உபதேசியார்

நான் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன கிராமச் சபையைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாருடைய பதிவையும் வாசித்தேன். என் ஜனங்களை நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

என் சபையில் பெண்கள் பாதிக்கு மேல் பீடி சுற்றுகிறவர்கள். காலை வேலை முடித்து, மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் இருட்டும்வரை குனிந்த தலை நிமிராது. கழுத்து வலி, இடுப்பு வலி, புகையிலைத் தூளில் இருமல். ஆண்கள் கொத்தனார் வேலை, செங்கல் சூளை, வயல். இவர்களிடம் போய் விடியற்காலையில் வந்து நடங்கள் என்று சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் உடம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் உழைக்கிறது. அவர்களுக்குச் சரீரத்தைப் பேணுவது என்றால் ஓய்வு, ஒரு முட்டை, கண் பரிசோதனை, இரத்தசோகைக்கு மாத்திரை.

எலியாவைப் பாருங்கள். யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டான். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று. ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது அதற்கு அப்புறம்தான். முதலில் தூக்கம், சாப்பாடு. இதை நான் எத்தனை தடவை பிரசங்கம் பண்ணினாலும் என் பெண்கள் கண் கலங்குவார்கள். தங்களைச் சாப்பிடச் சொல்லுகிற ஒரு தேவனை அவர்கள் அந்த இடத்தில்தான் பார்க்கிறார்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

உபாகமம் 5:14-ல் ஓய்வுநாள் கட்டளையில் ஒரு வாக்கியம் வருகிறது: "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு." மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்றைக்கு ஓய்வு. நாங்கள் ஞாயிறு மத்தியானம் பெண்களை மறுபடியும் கூட்டத்துக்கு, அப்புறம் வீட்டு ஜெபத்துக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தோம். இப்போது மத்தியானக் கூட்டம் எதுவும் வைப்பதில்லை. மாதக் கடைசியில் ஒரு கண் மருத்துவமனை முகாமுக்கு வளாகத்தைத் திறந்துவிடுகிறோம். பீடி சுற்றுகிற பெண்களுக்கு இடையிடையே எழுந்து தோளைச் சுழற்றக் கற்றுக்கொடுத்தாள் ஒரு பிசியோதெரபி படிக்கிற பிள்ளை. எங்கள் சபையின் சரீர முயற்சி அவ்வளவுதான். போதுமானதாக இருக்கிறது.

பட்டணத்துச் சபைக்கு நடை நல்லதுதான். அதை ஆரம்பிக்கிறவர்கள் ஆலயத்தைப் பெருக்குகிற அம்மாவையும், வாட்ச்மேன் அண்ணனையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கேட்டை முன்னால் திறக்க அவர்தானே முன்னால் எழுந்திருக்க வேண்டும்?

பனங்காட்டார்

உபதேசியார் எழுதினதை என் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எலியாவின் பகுதியை நான் அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. சாராளின் மகள் எழுதினதும் நெஞ்சில் நிற்கிறது.

ஆனாலும் என் பயம் ஒன்று அப்படியே இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். நல்ல காரியமாகத் தொடங்குவது மெதுவாக முதலிடத்துக்கு வந்துவிடும். சாகாமல் இருக்கவேண்டும் என்ற ஆசை மனுஷனுக்கு எப்போதும் உண்டு. நாம் சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப்பிரமாணத்தில் அறிக்கை செய்கிறவர்கள். இந்தச் சரீரத்தை எப்படியாவது பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்ற பதற்றம் நமக்கு இருக்கக்கூடாது. நடங்கள், மருந்து சாப்பிடுங்கள். எதற்காக இந்தப் பலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் நடக்கவிடாதீர்கள்.

பி.டி.மாஸ்டர்

ஐயா கேட்ட "எதற்காக" என்பதற்கு எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் சாமர்வெல். உடல்பலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்தவர். 1924-ல் ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடிவரை போனவர். லண்டனில் பெரிய எதிர்காலம் காத்திருந்த அறுவைச் சிகிச்சை நிபுணர். 1922-ல் மலையிலிருந்து இறங்கியபிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார், நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்க ஆள் இல்லாததையும் கண்டார். திரும்பி வந்து இருபது வருடத்துக்கும் மேல் அந்தத் திருவிதாங்கூர் வெயிலில் கத்தி பிடித்தார். அதன்பின் வேலூரிலும் கற்பித்தார். பலம் எதற்கு என்று என் மாணவர்கள் கேட்டால் நான் அவரைத்தான் சொல்லுவேன்.

தவக்காலப்_பயணி

கத்தோலிக்கன் ஒருவன் இடையில் வரலாமா? தஞ்சாவூர்ப் பக்கம். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளையொட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவன்.

எங்கள் வேதாகமத்தில் சீராக் நூல் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவர் என்கிறது. நோய் வந்தால் மன்றாடு, அப்புறம் மருத்துவருக்கும் இடம் கொடு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற பகுதி அது. எங்கள் மறைக்கல்வியிலும் உடல்நலம் கடவுள் நம்மிடம் ஒப்படைத்த கொடை, அதை நியாயமான அளவில் பேணவேண்டும் என்று இருக்கிறது. அடுத்த பத்தியிலேயே உடலை வழிபாட்டுப் பொருளாக்குவதையும் கண்டிக்கிறது. பனங்காட்டார் ஐயாவின் பயமும் சாராளின் மகளுடைய வேதனையும் அந்த இரண்டு பத்திக்குள் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் வேறொரு பழக்கம் உண்டு, உடலை வருத்தினால்தான் பக்தி என்பது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஸ்பெயினில் மன்ரேசாவில் கடுமையாக நோன்பிருந்து தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். அதன் துன்பம் கடைசிவரை இருந்தது. அதனால்தான் 1548-ல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதியபோது நோன்பைக் குறைக்கச் சொல்கிறார், ஆன்மாவைப் போலவே உடலும் படைத்தவருக்கு உரியது, அதற்கும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்ற கருத்தில். புனித பிரான்சிஸ் அசிசியார் தன் உடலைக் கழுதை என்றே அழைத்து வேலைவாங்கினார், கடைசிக் காலத்தில் அதனிடம் மன்னிப்புக் கேட்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

இரவுப்பணி சகோதரி, செருப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் பாதயாத்திரைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். எங்களில் பலர் வெறுங்காலோடு தார்ரோட்டில் நடக்கிறவர்கள். நேர்த்திக்கடன் என்பார்கள். சர்க்கரை இருக்கிறவர்களை ஷூ போடவைப்பது எப்படி என்று பங்குத்தந்தையிடம் பேசப்போகிறேன்.

பொருநைக்கரை

தவக்காலப்பயணி நோன்பு என்று சொன்னதும் எனக்கு இன்னொரு கேள்வி. இதைக் கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் சபையில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம். பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை, இயேசு சிலுவையில் பேசின ஏழு வார்த்தைகளையும் தியானித்து முடியும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. என் அம்மாவும் ஒருத்தி. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார்கள், மாத்திரையும் உண்டு. போன தடவை ஐந்தாம் வார்த்தை நடக்கும்போது வியர்த்து, நாக்கு குழறிப் பெஞ்சில் சாய்ந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்தவர்கள் ஆவியின் நிறைவு என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். உபவாசத்தை விடச் சொன்னால் அம்மா அழுகிறார்கள். என்ன செய்யட்டும்?

இரவுப்பணி

தம்பி, அது தாழ்சர்க்கரை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம். இதை உங்கள் சபையில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்கு திடீரென்று குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றாலோ, மீட்டர் கையில் இல்லை என்றாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

உபவாசத்தில் ஆபத்து எல்லா மாத்திரைக்கும் ஒரே மாதிரி இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு வகையும் இன்சுலினும் சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். டபாகிளிஃப்ளோசின் போன்றவற்றில் பட்டினி கிடந்தால் இரத்தம் அமிலமாகிற வேறொரு ஆபத்து உண்டு. அதனால் அம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு லெந்து தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் போங்கள். உபவாச நாள் இது என்று சொல்லிக் கேளுங்கள். அளவை அவர் மாற்றித் தருவார், அல்லது வேண்டாம் என்பார். நீங்களாகவே ஊசியை நிறுத்தவும் வேண்டாம், சாப்பிடாமல் ஊசி போடவும் வேண்டாம்.

அம்மாவின் மனசுக்கு ஒன்று சொல்லுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையிலேயே நோன்புக் கட்டளை பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தொன்பது முடியும்வரைதான், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. நம் சபைகளில் அது மனசார இருப்பதுதான். ஏசாயா 58-ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதுதான் தமக்குப் பிரியமான உபவாசம் என்று கர்த்தரே சொல்லுகிறார். என் மாமியாருக்கும் இதே வியாதி, இதே கண்ணீர். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இரண்டு இட்லி சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, டீயும் கறியும் மீனும் விட்டுவிடுகிறார்கள். மிச்சமாகிற காசு ஒரு டப்பாவில் போய், ஈஸ்டருக்கு எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்கு அரிசியாகப் போகிறது. பெரிய வெள்ளி அன்று அவர்கள் பைக்குள் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். நாலாம் வார்த்தை முடிந்ததும் நான் பார்ப்பேன், அவர்களே வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போவார்கள்.

உங்கள் ஐயரிடம் சொல்லி, அன்றைக்கு வெஸ்டிரியில் (ஆலயத்தின் பக்க அறையில்) ஒரு குளுக்கோமீட்டரும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்து ஒரு நர்ஸை உட்காரவையுங்கள். ஆள் இல்லையென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், உங்கள் பக்கத்தில் வேலை செய்கிற என் தோழிகள் இருக்கிறார்கள்.